வாட்டர்புரூஃப் செய்த சிடிஐ பெட்டிக்குள் உப்புத் தண்ணீர்: ஒர்க்‌ஷாப் மேல் வழக்குப் போடலாமா?

கேள்வி: ராமநாதபுரம் மாவட்டக் கடற்கரையில் ஒரே ஒரு பழைய டூ ஸ்ட்ரோக் ஜெட் ஸ்கி வைத்து, நானே ஓட்டிப் பிழைக்கிறேன். இக்னிஷன் அடிக்கடி கட் ஆனதால் கொச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் 28,000 ரூபாய் கொடுத்து, ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் சிடிஐயும் காயிலும் இருக்கும் பெட்டியை வாட்டர்புரூஃப் செய்தேன். ஆறு மாதம் தண்ணீர் போகாது என்று வாட்ஸ்அப்பில் எழுதியும் தந்தார்கள். இரண்டே மாதத்தில் ஆள் ஏற்றிப் போகும்போது கடலில் நின்றுவிட்டது. பெட்டிக்குள் தண்ணீர், கனெக்டர் எல்லாம் பச்சை. கேட்டால், நீ கவிழ்த்திருப்பாய், பில்லிலேயே எலக்ட்ரிக்கல் வேலைக்கு கேரண்டி இல்லை என்று அச்சடித்திருக்கிறோம் என்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: வழக்குப் போடலாம். ஆனால் முதலில் ஒன்று: அந்தப் பெட்டியில் இனி கை வைக்காதீர்கள். துடைக்க வேண்டாம், வேறு மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிபார்க்கவும் வேண்டாம். இப்போது இருக்கும் நிலையிலேயே நாலு பக்கமும் போட்டோ, வீடியோ எடுத்து, இரண்டு சாட்சிகள் முன்னால் உறையில் போட்டு ஒட்டிக் கையெழுத்து வாங்கி வையுங்கள். சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுப்பவருடையது. தண்ணீர் போய்விட்டது என்று சொன்னால் மட்டும் போதாது, எந்த வழியாகப் போனது என்று காட்ட வேண்டும்.

அதை அந்தப் பெட்டியே சொல்லிவிடும். மூடிக்கு அடியில் தண்ணீர் புகாமல் தடுக்கும் கேஸ்கெட்டைப் புதிதாகப் போட்டார்களா, இல்லை நைந்துபோன பழையதையே வைத்து மேலே சிலிக்கானைப் பூசினார்களா, ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா என்று நிபுணர் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். எந்த சிலிக்கான் என்பதும் முக்கியம். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஒரு வகை காயும்போது வினிகர் வாடை அடிக்கும். அதில் கிளம்பும் அசிட்டிக் அமிலம் செம்பை அரித்துவிடும். மின் இணைப்பு பக்கத்தில் அந்த வகையைப் பூசவே கூடாது, அந்த அமிலம் கிளம்பாத நியூட்ரல் வகைதான் போட வேண்டும். ஆகவே நீங்கள் பார்த்த பச்சை கடல் தண்ணீரால் வந்ததா, அவர்கள் பூசிய பசையால் வந்ததா, இரண்டாலுமா என்பதை நிபுணர்தான் பிரித்துச் சொல்ல முடியும். பொருளைச் சோதனைக்கு அனுப்ப நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 38-வது பிரிவில் வழி இருக்கிறது. புகாரோடு சேர்த்தே அதற்கு மனுப் போடுங்கள், செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

கவிழ்த்திருப்பாய் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. ஜெட் ஸ்கியின் அடிக்கூட்டுக்குள் கொஞ்சமாவது தண்ணீர் ஏறத்தான் செய்யும், அதைத் தடுக்கத்தானே பணம் வாங்கினார்கள்? ஆனால் உண்மையிலேயே கவிழ்ந்திருந்தாலோ, உள்ளே தேங்கும் தண்ணீரை வடிக்கும் டிரெய்ன் பிளக்கை மூட மறந்திருந்தாலோ உங்கள் வக்கீலிடம் மறைக்காதீர்கள், குறுக்கு விசாரணையில் அது வெளியே வந்தால் நல்ல வழக்கும் கெட்டுவிடும்.

அவர்கள் அடுத்து எடுக்கும் வாதம், நீ வியாபாரி, நுகர்வோரே இல்லை என்பது. சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டுமே பயன்படுத்துகிறவரைச் சட்டம் நுகர்வோராகத்தான் பார்க்கிறது. லக்ஷ்மி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் ஆட்டோ வாங்கித் தானே ஓட்டிப் பிழைப்பவரையே உதாரணம் காட்டியிருக்கிறது. ஒரே வண்டி, ஓட்டுவதும் நீங்களே என்பதால் உங்கள் நிலை பலமானது. இதைப் புகாரில் முதல் பத்தியிலேயே எழுதுங்கள், விட்டுவிட்டால் அதிலேயே அடி விழும்.

பில் விஷயம்: வேலை முடிந்து காசு வாங்கும்போது கையில் திணித்த தாளில் உள்ள வரியைவிட, வேலைக்கு முன்னால் எழுத்தில் கொடுத்த உறுதிக்கு எடை அதிகம். அந்த வாட்ஸ்அப்பை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி சான்றிதழோடு தாக்கல் செய்ய வேண்டும்.

கொச்சிக்கு அலைய வேண்டாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது, கெடு இரண்டு வருடம். கொடுத்த 28,000, கெட்டுப்போன பாகங்களின் விலை, மன உளைச்சல் எல்லாம் கேளுங்கள். வருமான இழப்பும் கேட்கலாம், ஆனால் யூபிஐ கணக்கும் தொழில் நடத்த அனுமதியும் கையில் இருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் ஓட்டியிருந்தால் அந்தத் தலைப்பைத் தொடாமல் இருப்பதே நல்லது.

அப்புறம், இதை அழுத்திச் சொல்கிறேன். பெட்டியை ஒட்டி வைத்துவிட்டு, கிடைத்த பழைய சிடிஐயை மாட்டிச் சீசன் முடியும்வரை ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள். ஆபத்தான நிலையில் உள்ள படகில் காசு வாங்கி ஆள் ஏற்றுவது குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 284-வது பிரிவில் குற்றம், ஆறு மாதம் வரை சிறை உண்டு. அடுத்த முறை இன்ஜின் நின்று, பின்னால் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் பிரதிவாதி நீங்கள்தான். நம்பகமான இடத்தில் புது சிடிஐ மாட்டி, அந்தப் பில்லையும் வழக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே ஸ்பீட் போஸ்டில், போய்ச் சேர்ந்ததற்கான அத்தாட்சியோடு, 15 நாள் கெடு வைத்து நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள்.