நூலைப் பற்றிச் சொல்லும் உண்மை

கேள்வி: எனக்கு வயது 17. கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வசிக்கிறேன். பிளஸ் டூ படிக்கிறேன். அம்மா வீட்டிலேயே தையல் வேலை செய்கிறார். இரண்டு ஆண்டுகளாக உடைகளைப் பற்றி இன்ஸ்டாகிராமில் படங்களும் குறிப்புகளும் போட்டு வருகிறேன். அம்மாவின் பழைய சேலையில் தைத்த பாவாடை, புதுச்சேரி சண்டே மார்க்கெட்டில் நூறு ரூபாய்க்கு எடுத்த சட்டை போன்றவைதான். சென்ற மாதம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இரண்டு சுடிதார் துணிகளும் மூவாயிரம் ரூபாயும் கொடுத்தார். "அசல் கைத்தறிக் காட்டன் என்று சொல்லு, நாங்கள் கொடுத்தோம் என்று மட்டும் சொல்லாதே" என்றார். அம்மா ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டினார். அது உருகிச் சுருண்டது. அந்தக் கடையில் எடுத்து நான் வெளியிட்ட ஒரு படத்தை இத்துடன் அனுப்பியுள்ளேன். வகுப்பில் பெண்ணுரிமை பற்றிப் பேசியபோது, "துணி காட்டுகிறவளுக்கு இந்தப் பேச்செல்லாம் எதற்கு?" என்று சிரித்தார்கள். பெரியப்பாவோ, பெண்பிள்ளை படத்தை வெளியே போடுவதே தவறு என்கிறார். நான் என்ன செய்யட்டும்?

பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள மகளுக்கு,

உன் அம்மா ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டியபோதே உன் கேள்விக்கான பதிலில் பாதி கிடைத்துவிட்டது. பருத்தி நூல் காகிதம்போல எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் மணிபோல இறுகிவிடும். உருகியது என்றால் அது முழுப் பருத்தி இல்லை என்பது உனக்குத் தெரியும், உன் அம்மாவுக்குத் தெரியும், கடைக்காரருக்கும் தெரியாமல் இருக்க வழியில்லை. தெரியாதவர்கள், உன் சொல்லை நம்பி அந்தத் துணியை வாங்கப்போகும் பெண்கள் மட்டுமே.

எனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது, புதுச்சேரியில் எங்கள் தெருவுக்குத் தவணையில் சேலை விற்கும் பெண்மணி ஒருவர் வருவார். "நான் துவைத்துப் பார்த்துவிட்டேன், சாயம் போகவே போகாது" என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன ஒரு வார்த்தையை நம்பி, என் அம்மா நீலச் சேலை ஒன்றை எடுத்தார். முதல் சலவையிலேயே வாளித் தண்ணீர் முழுதும் நீலமாகிவிட்டது. அந்த அக்காவுக்குச் சேலைக்கு இவ்வளவு என்று கமிஷன் உண்டு என்பது பிறகுதான் தெரியவந்தது. கமிஷன் வாங்கியதை அம்மா ஒருநாளும் குறையாகச் சொன்னதில்லை. "எனக்கும் இதில் கொஞ்சம் கிடைக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், நான் இன்னும் இரண்டு தடவை துணியைத் தொட்டுப் பார்த்திருப்பேனே" என்பதுதான் அவருடைய வருத்தம். தவணையைக் கட்டி முடித்த பிறகும் அந்த வருத்தம் அவரிடம் இருந்தது.

அதனால், பணமோ துணியோ வாங்கிக்கொண்டு ஒரு பொருளைப் பற்றிப் பேசுவது தன்னளவில் தவறு என்று நான் சொல்லமாட்டேன். உன் நேரத்துக்கும் உழைப்புக்கும் விலை உண்டு. தவறு, வாங்கியதை மறைப்பதில் இருக்கிறது. நம் நாட்டின் சட்டமும் இதையே சொல்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், தவறாக வழிநடத்தும் விளம்பரத்தைச் செய்தவரோடு நிறுத்திக்கொள்ளாமல், அதற்குத் தன் முகத்தையும் சொல்லையும் கொடுத்தவர் மீதும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. திரும்பவும் செய்தால் அது 50 லட்சம் வரை உயரும். மத்திய அரசு 2022 ஜூன் மாதம் வெளியிட்ட நெறிமுறைகளும், 2023 ஜனவரியில் சமூக ஊடகங்களில் பொருள்களைப் பரிந்துரைப்பவர்களுக்காக வெளியிட்ட விளக்கக் கையேடும், பணம் மட்டுமல்லாமல் இலவசமாக வந்த பொருள், பரிசு, தள்ளுபடி, பயணம் ஆகியவற்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று கூறுகின்றன. அந்த அறிவிப்பைக் குறிச்சொற்களின் கூட்டத்துக்குள் ஒளித்துவைக்கக் கூடாது. வீடியோ என்றால் எழுத்திலும் குரலிலும் வர வேண்டும். எந்த மொழியில் பரிந்துரைக்கிறாயோ அந்த மொழியிலேயே சொல்ல வேண்டும். நீ தமிழில் பேசுகிறாய். ஆகவே, "இந்தத் துணியையும் பணத்தையும் கடைக்காரர் எனக்குக் கொடுத்தார்" என்று தமிழிலேயே, தொடக்கத்திலேயே சொல்லிவிடு.

ஆனால் இப்படிச் சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நினைத்துவிடாதே. கைத்தறி இல்லாததைக் கைத்தறி என்று சொல்வது இதைவிடப் பெரிய தவறு. உன் கடிதத்தைப் படித்தபோது என் மனத்தைப் பிடித்து நிறுத்தியது அந்த இடம்தான்.

உங்கள் மாவட்டத்திலேயே, குறிஞ்சிப்பாடிப் பக்கம், தறியை நம்பி வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. ஒரு விடுமுறை நாளில் உன் அம்மாவோடு போய்ப் பார்த்துவிட்டு வா. தறியில் ஒருவர் உட்கார்ந்து நெய்கிறார் என்றால், அதற்கு முன்பே நூலைப் பிரித்து, கஞ்சி போட்டு, நீளவாட்டு நூலைப் பாவாக ஓட்டி, குறுக்கு நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக் கொடுக்கும் வேலைகள் பல கைகள் வழியாக நடந்திருக்கும். அந்தக் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். 2019-20இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நாட்டில் 35 லட்சத்துக்கும் அதிகமானோர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் நூற்றுக்கு எழுபது பேருக்கு மேல் பெண்கள். சில வகைத் துணிகளைக் கைத்தறியில் மட்டுமே நெய்ய வேண்டும் என்று 1985இல் ஒரு சட்டமே இயற்றப்பட்டதும், அசல் கைத்தறியை அடையாளம் காட்டுவதற்காக 2006இல் கைத்தறி முத்திரை கொண்டுவரப்பட்டதும், விசைத்தறித் துணி கைத்தறியின் பெயரைச் சொல்லிக்கொண்டு சந்தைக்கு வந்து இவர்களுடைய கூலியைப் பறித்துக்கொண்டிருந்ததால்தான். நாள் முழுதும் கால் வலிக்க நெய்த துணியும், சில மணி நேரத்திலேயே இயந்திரம் துப்பித் தள்ளும் பாலியஸ்டர் கலந்த துணியும் ஒரே பெயரில் ஒரே அலமாரியில் இருந்தால், விலை குறைந்தது விற்கும், மற்றது தேங்கும். தேங்கிய துணிக்கு நெசவாளி வீட்டில் யார் பட்டினி கிடப்பார்கள் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை; கடைசியாகச் சாப்பிட உட்காருகிறவர் யார் என்பது எல்லா வீட்டிலும் ஒன்றுதானே.

உன் வகுப்பில் சிரித்தவர்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரு துணி எந்த நூலால் ஆனது, யார் நெய்தது, என்ன கூலிக்கு நெய்தது என்று உண்மையாகச் சொல்வது பெண்ணுரிமை வேலைதான். பெண்ணுரிமையைப் பற்றி நீ தனியாக ஒரு பேச்சுப் பேசிவிட்டு, மறுநாள் அந்த மூவாயிரம் ரூபாய்க்காகப் பொய் சொன்னால் அவர்கள் சிரித்ததில் நியாயம் இருந்திருக்கும். நீ அதைச் செய்யாமல் எனக்குக் கடிதம் எழுதினாய்.

உடை என்பது அற்பமான விஷயம் என்று யாராவது சொன்னால், திருவிதாங்கூரில் சாணார் பெண்கள் மார்பை மறைக்கும் தோள்சீலை அணியும் உரிமைக்காக 1820களில் தொடங்கி 1859 வரை அடியும் அவமானமும் பட்டுப் போராடியதை எடுத்துச் சொல். அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். கடலூர் முதுநகரில் பிறந்த அஞ்சலையம்மாள், கதரை முன்வைத்த ஒத்துழையாமை இயக்கத்தின் வழியாக விடுதலைப் போராட்டத்துக்குள் வந்து, 1857 எழுச்சியைக் கொடூரமாக ஒடுக்கிய ஆங்கிலேய அதிகாரி நீலின் சிலையை அகற்றக் கோரி 1927இல் சென்னையில் நடந்த போராட்டத்தில் தன் சிறுவயது மகளோடு சிறை சென்று, 1937இல் சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். எந்தத் துணியை உடுத்துவது என்பது அவருக்கு அரசியலாகத்தான் இருந்தது. நீ சண்டே மார்க்கெட்டுக்கு வரும் பேருந்து, கடலூர் சாலையில் மூடிக்கிடக்கும் பெரிய மில் ஒன்றைக் கடந்துதான் ஊருக்குள் நுழைகிறது. புதுச்சேரியின் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1936இல் உரிமை கேட்டுப் போராடினார்கள். அவ்வாண்டு ஜூலை 30ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே இங்கே எட்டு மணி நேர வேலை நாள் சட்டமாயிற்று. என் தாய்மாமன் ஒரு மில்லில் வேலை பார்த்தவர். ஜூலை 30 அன்று எங்கள் வீட்டில் யாரும் உரத்துப் பேசமாட்டோம். துணியைப் பற்றி எழுதுகிற உனக்கு இந்த ஊர்களில் எழுதக் கிடைப்பது ஏராளம்.

பெரியப்பா சொல்வதைப் பற்றி. அவருடைய அச்சம் பொய்யில்லை, ஆனால் அவர் காட்டும் வழி சரியில்லை. ஒரு பெண்ணின் படத்தை எடுத்துத் திரிக்கிறவன் குற்றவாளி. அவனுக்குப் பயந்து அவள் மறைந்துகொள்ள வேண்டும் என்றால், தண்டனை அவளுக்குத்தான் போகிறது. நீ என்ன உடுத்த வேண்டும் என்பதை நீயும் உன் அம்மாவும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பள்ளிச் சீருடையில் படம் போடாதே. நீ நிற்கும் இடத்தை அங்கிருந்து வந்த பிறகு மட்டுமே வெளியிடு. முன்பின் தெரியாதவர் தனியாகச் செய்தி அனுப்பிப் படம் கேட்டால், அழிக்காமல் அப்படியே அம்மாவிடம் காட்டு. பதினெட்டு வயது நிறையாத பிள்ளைகளைப் போக்சோ சட்டம் இணையவழித் தொல்லையிலிருந்தும் காக்கிறது. 1098 குழந்தைகளுக்கான உதவி எண், 1930 இணையக் குற்றங்களுக்கானது. இந்த இரண்டு எண்களையும் பெரியப்பாவின் கைபேசியிலும் பதிந்து வை. அவருக்கும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கும்.

வயதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டப்படி, பதினெட்டு நிறையாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. உன்னிடம் தனியாகப் பேசி, தனியாகப் பணம் கொடுத்த அந்தக் கடைக்காரர், முதலில் உன் அம்மாவிடம் பேசியிருக்க வேண்டும். நாளைக்கு உன் படத்தைப் பெரிதாக அச்சடித்துக் கடை வாசலில் பிளெக்ஸ் வைத்தால், அதற்கு யார் ஒப்புதல் தந்தது? இனி எந்தக் கடையானாலும் அம்மா வழியாக, எழுத்தில், படத்தை எங்கே எத்தனை நாள் பயன்படுத்துவார்கள் என்பது உட்பட எழுதி வாங்கிக்கொண்ட பிறகே செய்.

இப்போதைக்கு அந்த இரண்டு துணிகளையும் மூவாயிரம் ரூபாயையும் எடுத்துக்கொண்டு அம்மாவோடு கடைக்குப் போ. சண்டை வேண்டாம். "துணியில் பாலியஸ்டர் கலந்திருக்கிறது என்றும், நீங்கள் கொடுத்தது என்றும் சொல்லித்தான் என்னால் போட முடியும், உங்களுக்கு விருப்பமில்லை என்றால் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்" என்று சொல். பாலியஸ்டர் கலந்த துணியில் குற்றம் ஒன்றுமில்லை. சுருங்காது, சீக்கிரம் காயும், விலையும் குறைவு. அதை அதன் பெயரிலேயே விற்கட்டும். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால், அன்று மாலை உன் கையில் மூவாயிரம் ரூபாய் இல்லாமல் போகும். அந்தப் பணம் உங்கள் வீட்டுக்குச் சிறியதில்லை என்பதை அறிந்தேதான் இதைச் சொல்கிறேன்.

கடைசியாக, நீ அனுப்பிய படம். நீ முன்னால் சிரித்துக்கொண்டு நிற்கிறாய். உனக்குப் பின்னால், நீ கலைத்துப் போட்ட துணிகளை ஒரு பெண் நின்றபடி மடித்துக்கொண்டிருக்கிறார். உன்னைவிட மூன்று நான்கு வயதுதான் கூடுதலாக இருக்கும். அவர் முகம் தெளிவாகத் தெரிகிறது. படத்தை வெளியிடலாமா என்று அவரிடம் கேட்டாயா? கேட்கவில்லை என்றால் இன்றே எடுத்துவிடு. துணியைத் திருப்பிக் கொடுக்கப் போகும்போது, அப்படி ஒரு படம் எடுத்ததை அவரிடம் சொல். கடை ஊழியர்கள் வேலை நேரத்தில் உட்கார்ந்துகொள்ள இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021இல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்திருக்கிறது. அந்தப் பெண் நிற்கும் இடத்தருகே ஒரு முக்காலியாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுது.