ஐப்பசியில் கோழி இறகு கொட்டி முட்டை நின்றுவிட்டதே, நோயா?

தேன்கனிக்கோட்டைப் பக்கம் 10 நாட்டுக்கோழி, கழுத்து மொட்டையாகிவிட்டது என்கிறீர்கள். பகல் குறையும்போது வருடாந்திரமாக நடக்கும் இறகு உதிர்ப்புதான் இது. தலை, கழுத்தில் தொடங்கி மார்பு, முதுகு, இறக்கை, வால் என்று போகும். முடிய 2, 3 மாதம் ஆகலாம். கொண்டை வெளிறிச் சுருங்கும். முட்டைக்காக அதட்டிப் பயனில்லை!

முதுகு மட்டும் மொட்டை என்றால் சேவல் மிதித்தது. ஆசனவாயைச் சுற்றி மட்டும் என்றால் பேன். இறகை விலக்கினால் அடியில் பேனின் வெள்ளை முட்டைக்கொத்து ஒட்டியிருக்கும்.

இறகில் பெரும்பகுதி புரதம். வெறும் ராகி போட்டால் புது இறகு இழுத்துக்கொண்டே போகும், ராகியில் புரதம் 7 சதவீதம்தான். ஒரு கிலோ தீவனத்துக்கு உடைத்த ராகியும் கம்புமாக 600 கிராம், கடலைப் புண்ணாக்கு 200, தவிடு 100, உப்பில்லாத கருவாட்டுத் தூள் 100. உப்புக் கருவாடு வேண்டாம், கழிச்சலாகும். புண்ணாக்கில் பூஞ்சை வாடை அடித்தால் குப்பைக்குத்தான். அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும். கறையான் கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள்.

முளைக்கும் குருத்திறகு நீலம் பாய்ந்த குச்சிபோல இருக்கும், உள்ளே ரத்தம் ஓடும். பிடித்துத் தூக்கினால் வலிக்கும், ஒடிந்தால் ரத்தம் கொட்டும். மற்றவை அதைக் கொத்தத் தொடங்கும். உடனே மஞ்சள் தூள் அப்பித் தனியே அடையுங்கள்.

மார்கழிக் குளிருக்குக் கூண்டின் காற்றடிக்கும் பக்கம் சாக்கு கட்டுங்கள், மேலே ஒரு சாண் திறந்திருக்கட்டும். பச்சைக் கழிச்சலோ, தலை தொங்கலோ கண்டால் இது உதிர்ப்பல்ல, அன்றே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.