தெருவிலிருந்து எடுத்த வீட்டுப் படத்துக்கு வக்கீல் நோட்டீஸ்

கேள்வி: காரைக்குடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். கானாடுகாத்தானில் பழைய நகரத்தார் வீடொன்றைத் தெருவில் நின்று படம் எடுத்தேன். காவலாளி அனுமதித்ததால் வீட்டுக்குள்ளே பட்டாலை என்னும் கூடத்திலும் வளவு என்னும் முற்றத்திலும் சில படங்கள் எடுத்து என் இணையதளத்தில் விற்பனைக்கு வைத்தேன். வெளித்தோற்றப் படத்தை ஆத்தங்குடிக் கல் விற்கும் கடையொன்று என்னிடம் வாங்கிக் காலண்டரில் அச்சிட்டது. பங்காளிகளில் ஒருவர், பதிப்புரிமையும் அந்தரங்க உரிமையும் மீறப்பட்டதாகச் சொல்லி, எல்லாப் படங்களையும் அழித்து நஷ்டஈடு தரும்படி நோட்டீஸ் அனுப்பியிருக்கிறார். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: பதிப்புரிமைக் குற்றச்சாட்டு நிற்காது. கலையம்சமுள்ள கட்டடமும் கலைப்படைப்பே என்று 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் ஏற்றுக்கொள்வதால் நோட்டீஸின் வாதம் முதல் வாசிப்பில் வலுவாகத் தோன்றலாம். ஆனால் அதே சட்டத்தின் 52(1)(எஸ்) பிரிவு, அத்தகைய கட்டடத்தைப் புகைப்படம் எடுப்பதும் அப்படத்தை வெளியிடுவதும் உரிமை மீறல் ஆகாது என்று தெளிவாகக் கூறுகிறது. விற்பனைக்கான படம், விற்பனைக்கல்லாத படம் என்ற வேறுபாடு அந்தப் பிரிவில் இல்லை. சிலைகளைப் பற்றிய அடுத்த உட்பிரிவு, அவை பொது இடத்திலோ பொதுமக்கள் செல்லக்கூடிய வளாகத்திலோ நிரந்தரமாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை விதிக்கிறது. கட்டடத்துக்கு அந்த நிபந்தனையும் கிடையாது. மேலும், கட்டடத்தின் பதிப்புரிமை முதலில் அதை வடிவமைத்தவருக்கு உரியது, அவர் வாழ்நாளோடு 60 ஆண்டுகள் நீடிப்பது. வீடு பாகத்தில் வந்தது என்பதாலேயே அந்த உரிமையும் கூட வந்துவிடாது.

அந்தரங்க உரிமையை உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் அடிப்படை உரிமையாக உறுதி செய்தது உண்மைதான். ஆனால் தெருவில் போகிற எவர் கண்ணிலும் படும் சுவரும் தூணும் எவருடைய அந்தரங்கமும் அல்ல. திண்ணையில் அமர்ந்திருக்கும் ஆச்சியின் முகம் படத்தில் தெளிவாகத் தெரிந்தால் நிலைமை வேறு. அவர் சம்மதமின்றி அதை விளம்பரத்தில் பயன்படுத்தியது நியாயமான ஆட்சேபத்துக்கு இடம் தரும். வீட்டு முகப்பில் எழுதியிருக்கும் குடும்ப விலாசமும், அதாவது குடும்பத்தை அடையாளம் காட்டும் பெயரெழுத்துகளும், அவ்வாறே. அந்தக் குடும்பமே கடையைப் பரிந்துரைப்பதாக வாடிக்கையாளர் எண்ணக்கூடும். மும்பையின் தாஜ்மகால் பேலஸ் ஹோட்டல் தன் கட்டடத் தோற்றத்தையே 2017இல் வணிகச் சின்னமாகப் பதிவு செய்திருக்கிறது. குடியிருப்பு வீட்டுக்கு அத்தகைய பதிவு இருக்க வாய்ப்பு மிகக் குறைவு என்றாலும், விளம்பரப் படத்தில் விலாசத்தை மறைத்துவிடுவதே என் யோசனை.

உங்கள் பலவீனம் வளவுக்குள் எடுத்த படங்களில் இருக்கிறது. அங்கே எழுவது சொத்துரிமைக் கேள்வி. பிறர் இடத்தில் நுழைவதற்கான அனுமதி, 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி, எந்தக் காரியத்துக்குத் தரப்பட்டதோ அதற்குள் அடங்கும். வீட்டைச் சுற்றிப் பார்க்கக் காவலாளி கதவைத் திறந்துவிட்டது, படம் எடுத்து விற்பதற்கான சம்மதம் ஆகாது. பங்காளிகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் வீடுகளில், ஒருவர் சரி என்று சொல்ல மற்றொருவர் நோட்டீஸ் அனுப்புவது செட்டிநாட்டில் புதிதல்ல. ஆகவே காவலாளிக்கு அந்த அதிகாரத்தை எந்தப் பங்காளி கொடுத்தார் என்பதை நீங்கள் காட்ட வேண்டியிருக்கும். சுவரில் மாட்டியிருக்கும் ஓவியங்களையும் கவனியுங்கள். 1906இல் மறைந்த ரவிவர்மாவின் படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அண்மைக் கால ஓவியர் வரைந்தது தெளிவாகப் பதிவாகியிருந்தால் அதற்குத் தனிச் சம்மதம் தேவைப்படலாம்.

பயந்து எதையும் அழித்துவிடாதீர்கள். எங்கே நின்று எடுத்தீர்கள் என்பதற்கு மூலக் கோப்புகளே சாட்சி. நோட்டீஸில் குறித்த கெடுவுக்குள் வழக்கறிஞர் மூலம், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையுடன் பதில் அனுப்பி, வெளித்தோற்றப் படத்தின் மீதான கோரிக்கையை 52(1)(எஸ்) பிரிவைச் சுட்டி முழுவதுமாக மறுத்துவிடுங்கள். உட்புறப் படங்களை, தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, பங்காளிகளுடன் பேசி முடியும்வரை விற்பனையிலிருந்து எடுத்துவையுங்கள். அவர்கள் இசைந்தால், யார் யார் சார்பில் கையெழுத்திடுகிறார் என்பதும், எந்தெந்தப் படங்கள், எந்தப் பயன்பாட்டுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்பதும் அந்தச் சம்மதக் கடிதத்தில் இருக்க வேண்டும்.