ஐவரியா, இளம் சாம்பலா?

கேள்வி: எங்கள் ஹால் 10க்கு 14 அடி. வடக்குச் சுவரில் ஒரே ஜன்னல். தரை பழைய சிவப்பு ஆக்சைடு. சுவருக்கு ஐவரி அடிக்கலாம் என்கிறேன் நான். மகளோ இளம் சாம்பல்தான் வேண்டும் என்கிறாள். கடையில் ஷேடு கார்டைப் பார்த்தால் இரண்டுமே நன்றாக இருக்கின்றன. எதை அடிப்பது?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் ஹாலுக்கு ஐவரிதான். மகளின் ரசனையில் ஒரு குறையும் இல்லை; அந்த ஜன்னலுக்கும் தரைக்கும் சாம்பல் ஒத்துவராது, அவ்வளவுதான்.

வடக்கு ஜன்னலில் பெரும்பாலும் வான வெளிச்சம்தான் வரும். நம் ஊரில் மே முதல் ஜூலை வரை உச்சிச் சூரியன் வடக்கே சாய்ந்திருக்கும் என்றாலும், சன்ஷேடு அதைத் தடுத்துவிடும். வான வெளிச்சத்தில் நீலம் கூடுதல். சாம்பலிலும் துளி நீலம் கலந்திருந்தால், ஐப்பசி மழை நாளில் ஹாலே களையிழந்துவிடும்.

தரையை மறந்துவிடாதீர்கள். ஒரு வெள்ளைத் தாளை ஜன்னல் பக்கம் சுவரடியில் சாய்த்து வைத்துப் பாருங்கள். தரையில் பட்டு வரும் வெளிச்சத்தால் தாளின் கீழ்விளிம்பில் லேசான ரோஸ் தெரியும். அது ஐவரி மேல் பட்டால் இதமாக இருக்கும். நீலச் சாம்பல் மேல் பட்டால் ஊதாச் சாயல் வந்துவிடும். ஒரே சுவர் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறமாகத் தெரியும்.

ஐவரியிலும் மஞ்சள் தூக்கலானது வேண்டாம். 3000 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் குறையக் குறைய மஞ்சள் கூடும்) வார்ம் பல்பு போட்டால் இரவில் சுவர் வெண்ணெய் நிறத்துக்குப் போய்விடும். 4000 கெல்வின் பல்பு நல்லது. சில ஷேடு கார்டுகளில் எல்ஆர்வி என்று ஓர் எண் இருக்கும். வெளிச்சத்தை எவ்வளவு திருப்பித் தரும் என்பதற்கான அளவு அது. கருப்புக்கு 0, வெள்ளைக்கு 100. உங்களுக்கு 70க்கு மேல் பாருங்கள்.

மகளுக்குச் சாம்பல்தான் பிடிக்கிறது என்றால், கொஞ்சம் பழுப்பு கலந்த சாம்பலைக் கேளுங்கள். அப்புறம், சின்ன டப்பாவில் இரண்டையும் வாங்கி, இரண்டடி அட்டைகளில் இரண்டு கோட் அடியுங்கள். ஈரத்தில் முடிவு செய்யாதீர்கள். எமல்ஷன் காய்ந்ததும் சற்று அடர்ந்து தெரியும். மறுநாள் காலை எட்டு மணிக்கும், மதியம் மூன்று மணிக்கும், இரவு விளக்கு போட்ட பிறகும் அட்டைகளைச் சுவரடியில் வைத்துப் பாருங்கள். மகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.