கோட்டா சீட்டும் ஒரு குயர் நோட்டும்

பெரம்பூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். கணக்கும் இயற்பியலும் சுமார், ஆங்கிலத்தில் கெட்டி. இந்தக் கட்-ஆஃபுக்குப் பொறியியல் கலந்தாய்வில் நல்ல கல்லூரி கிடைக்காது. மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வாங்கிவிடலாம் என்கிறாராம் பெரியப்பா. மகளோ ஒரு குயர் நோட்டில் ஆங்கிலச் சொற்களை ரகம் பிரித்து எழுதிக்கொண்டிருக்கிறாள். 'தனித்துத் தெரிவது' என்ற தலைப்பில் மட்டும் இரண்டு பக்கம்: அவுட்ஸ்டாண்டிங், ரிமார்க்கபிள், ஸ்ட்ரைக்கிங், ப்ராமினென்ட், எமினென்ட், கான்ஸ்பிக்யுவஸ்... "இதெல்லாம் சோறு போடுமா சார்?" என்று கேட்கிறார்.

கவலைப்படாதீர்கள் அம்மா, குழந்தை நன்றாக வருவாள் என்று எழுதிவிட்டு அடுத்த கடிதத்துக்குப் போயிருப்பேன். ஆனால் அந்தக் கோட்டா சீட்டுக்கு நன்கொடை கட்ட நகையை அடகு வைக்கப் போவதாகக் கடைசி வரியில் சொல்லியிருக்கிறீர்கள். வைக்காதீர்கள். நன்கொடை வாங்குவது தமிழ்நாட்டில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கு ஒழுங்கான ரசீது கிடைக்காது. பாதியில் நின்றால் பணமும் திரும்பாது. உங்கள் குடும்பத்தில் பட்டதாரியே இல்லை என்கிறீர்கள். முதல் பட்டதாரிக்கான கட்டணச் சலுகையும் கலந்தாய்வு வழியாகச் சேருபவர்களுக்குத்தான், கோட்டாவுக்கு இல்லை. மீதிக்குக் கல்விக்கடன் வாங்கலாம் என்கிறார் பெரியப்பா. படிப்பு முடியும்வரை தவணைதான் கிடையாது, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். வங்கியில் அவுட்ஸ்டாண்டிங் என்றால் கட்டாமல் நிற்கும் பாக்கி. அந்த அர்த்தமும் நோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்.

கம்ப்யூட்டர் சயின்ஸ் மோசமான படிப்பு என்று நான் சொல்லவில்லை. கணக்கில் தடுமாறுகிற, அதில் மனமே இல்லாத பெண்ணை நகையை அடகு வைத்த காசில் அதில் உட்கார வைப்பதைத்தான் மோசம் என்கிறேன். செமஸ்டருக்கு செமஸ்டர் அரியர் சேர்த்துக்கொண்டு, வீட்டில் வாயைத் திறக்காமல் அழுகிற பிள்ளைகளை நிறையப் பார்த்தாயிற்று.

ஆங்கிலம் படித்தால் பி.எட்., டீச்சர் வேலை, வங்கித் தேர்வு. இது எல்லோருக்கும் தெரிந்த கதை, விடுங்கள். யாரும் பேசாத ஒன்று மொழியியல், அதாவது மொழி எப்படி இயங்குகிறது என்று ஆராயும் படிப்பு. அதற்குள் அகராதி தொகுப்பதைப் பற்றியது அகராதியியல். உங்கள் மகள் தெரியாமலே அதன் வாசலில்தான் நிற்கிறாள். சொற்களை அகர வரிசையில் அடுக்காமல் பொருள் வாரியாக அடுக்கி 1852-இல் நூலாக்கிய பீட்டர் மார்க் ரோஜே ஒரு டாக்டர். அவரும் சின்ன வயதில் சொற்பட்டியல் போட்டுக்கொண்டிருந்தவர்தான்.

பட்டியல் போடுவதோடு வேலை முடிவதில்லை. மூக்கும் ப்ராமினென்ட்டாக இருக்கலாம், வக்கீலும் ப்ராமினென்ட்டாக இருக்கலாம். எமினென்ட் என்றால் பெரும்பாலும் துறையில் பெயர் பெற்ற ஆள். கான்ஸ்பிக்யுவஸுக்குப் பெருமை ஒன்றும் வேண்டாம், கண்ணில் பட்டால் போதும். கல்யாண ரிசப்ஷனுக்கு லுங்கியில் வந்தவரும் கான்ஸ்பிக்யுவஸ்தான். எக்ரீஜியஸ் இன்னும் வேடிக்கை. லத்தீனில் மந்தையிலிருந்து விலகித் தெரிவது என்று பொருள், ஒரு காலத்தில் அது பாராட்டு. இன்று மேலதிகாரியை அப்படிப் புகழ்ந்தால் வேலை போகும். படுமோசமான தவறைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இந்த வித்தியாசங்களை யாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து தீர்மானிப்பதில்லை. செய்தித்தாள், நாவல், பேச்சு என்று கோடிக்கணக்கான சொற்களைக் கணினியில் திரட்டி, ஒரு சொல்லுக்குப் பக்கத்தில் எந்தச் சொல் வந்து உட்காருகிறது என்று வரி வரியாகப் பார்க்கிறார்கள். பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் அப்படித் தொகுத்த கோபில்ட் அகராதி 1987-இல் வந்தது. இப்படிக் கணினியில் திரட்டி வைத்த சொற்களுக்குத் தரவகம் என்று பெயர்.

சென்னைக்கு இது புதிதல்ல. வின்ஸ்லோவின் தமிழ்-ஆங்கில அகராதி 1862-இல் இங்கேதான் அச்சானது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது. இன்று ஐஐடி மெட்ராஸில் ஏஐஃபோர்பாரத் குழு இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சுத் தொழில்நுட்பங்களை உருவாக்குகிறது. அப்படிப்பட்ட வேலைக்கு இன்ஜினியர் மட்டும் போதாது. ஒரு வாக்கியம் ஏன் ஒட்டவில்லை என்று சொல்லத் தெரிந்த ஆளும் வேண்டும்.

வழி சுருக்கமாக. முதலில் மாநிலக் கல்லூரி, ராணி மேரி கல்லூரி போன்ற அரசுக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம். நகையைத் தொட வேண்டிய செலவு அங்கே இல்லை. அப்புறம் எம்.ஏ. மொழியியல். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது, ஹைதராபாத்தில் இஃப்லு என்கிற ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகத்திலும் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் வேலைக்கும் ஆராய்ச்சிக்கும் தகுதி பார்க்கும் யூஜிசி நெட் தேர்வில் மொழியியல் தனிப் பாடம். அதில் ஜேஆர்எஃப் என்கிற இளநிலை ஆராய்ச்சியாளர் தகுதி கிடைத்து ஆராய்ச்சியில் சேர்ந்தால் முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை. மூன்று வருட பி.ஏ. காலத்தில் பைத்தான் என்கிற கணினி நிரல் மொழியைக் கொஞ்சம் கற்றுக்கொள்ளட்டும். பெரியப்பா கேட்ட கம்ப்யூட்டர் இந்த அளவுக்குப் போதும். தமிழையும் விடக் கூடாது, இதில் நான் கறார். ஆங்கிலம் மட்டும் நுணுக்கமாகத் தெரிந்தவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். இரண்டையும் அப்படித் தெரிந்தவர்களைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

கேம்பஸில் வந்து வரிசையாக ஆள் எடுக்கிற துறை அல்ல இது. அகராதிப் பதிப்பகங்களில் மட்டும் வேலை தேடினால் இடங்கள் மிகக் குறைவு. மொழிபெயர்ப்பு, டெக்னிக்கல் ரைட்டிங், மொழித் தரவு என்று சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆரம்பச் சம்பளத்தைச் சொந்தக்காரர் பையனோடு ஒப்பிட்டுக்கொண்டே இருப்பீர்கள் என்றால், இந்தப் பக்கம் வராதீர்கள்.

மகளுக்கும் ஒரு சோதனை. ஒரு வாரம் ஆங்கிலச் செய்தித்தாள் வாங்குங்கள். ஸ்ட்ரைக்கிங், ரிமார்க்கபிள், ப்ராமினென்ட் வருகிற வாக்கியங்களை எல்லாம் வெட்டி ஒட்டி, அடுத்து வரும் பெயர்ச்சொல்லை அடிக்கோடிடட்டும். மூன்றாம் நாளே சலித்துவிட்டால் அவளுக்குப் பிடித்தது சொல்லின் சத்தம்தான், வேறு படிப்பைப் பேசலாம். ஞாயிற்றுக்கிழமை அவளே ஒரு வித்தியாசத்தைக் கண்டுபிடித்து உங்களை உட்கார வைத்து விளக்கினால், அரசுக் கல்லூரி விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.

பெரியப்பா அதற்குப் பிறகும் விடவில்லை என்றால், கல்விக்கடனுக்கு ஜாமீன் கையெழுத்து அவர் போடுவாரா என்று கேளுங்கள்.