45 விழுக்காடு சான்றிதழும் ஒரு வீட்டுப் பத்திரமும்

சென்ற வாரம் நாமக்கல் பக்கத்திலிருந்து ஒரு தந்தையும் தாயும் பிளஸ் டூ முடித்த மகனை அழைத்துக்கொண்டு, அடுத்து என்ன படிக்க வைக்கலாம் என்று கேட்க என்னிடம் வந்திருந்தார்கள். சிறு வயதில் நேர்ந்த சாலை விபத்தில் பையனின் இடது கால் பாதிக்கப்பட்டிருக்கிறது. மாற்றுத்திறனாளி சான்றிதழில் 45 விழுக்காடு குறைபாடு என்று குறித்திருக்கிறார்கள். "எப்படியாவது பி.இ. முடித்துவிட்டால் கோட்டாவில் அரசு வேலை நிச்சயம் என்று இவன் பெரியப்பா சொல்கிறார், வீட்டை அடமானம் வைக்கலாமா என்று யோசிக்கிறோம்" என்றார் தந்தை. பத்து நிமிடம் ஆறுதல் சொன்னேன். பிறகு வேறு மாதிரி பேச வேண்டியிருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஐயா, பெரியப்பா சொல்வதில் ஒரு பாதி சரி. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016-இன்படி 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு அரசுப் பணியிடங்களில் குறைந்தது 4 விழுக்காடு ஒதுக்கப்பட வேண்டும். உங்கள் மகன் அந்த வாசலைத் தாண்டியவன்தான். ஆனால் அந்த நான்கு விழுக்காட்டில் அவனுடைய உடல் இயக்கக் குறைபாட்டுப் பிரிவுக்கு வருவது ஒரே ஒரு விழுக்காடு. அதையும் பெருமூளை வாதம், தசைச் சிதைவு, குள்ளத்தன்மை உள்ளவர்கள், தொழுநோயிலிருந்து குணமடைந்தவர்கள், அமில வீச்சுக்கு ஆளானவர்கள் எல்லோரும் அவனோடு பகிர்ந்துகொள்கிறார்கள். தவிரவும், எந்தப் பணியை எந்தக் குறைபாடு உள்ளவர் செய்யலாம் என்று தனிப் பட்டியல் இருக்கிறது. பணியின் பெயருக்கு நேரே 'ஒரு கால்' என்ற பிரிவு இல்லாவிட்டால் எந்தப் பட்டமும் உதவாது. தனியார் நிறுவனங்களுக்கோ இந்த ஒதுக்கீடு கட்டாயமே இல்லை. இப்படியிருக்க, நிர்வாக ஒதுக்கீட்டில் பணம் கட்டி வாங்கும் பி.இ. பட்டம் அவனை அந்த ஒற்றை விழுக்காட்டுக்கு எப்படி நெருக்கமாகக் கொண்டுபோகும் என்று பெரியப்பாவிடமே கேளுங்கள்.

உறவினர் ஒருவர் 45-ஐ 75 ஆக்கித் தர ஆள் இருக்கிறது என்றாராம். வேண்டாம். பொய் சொல்லிச் சலுகை பெறுவது அதே சட்டத்தின் 91-ஆம் பிரிவில் 2 ஆண்டு வரை சிறைக்கு உரிய குற்றம். இன்றைக்கு அவனுக்கு நியாயமாகக் கிடைப்பதும் அதனால் பறிபோகும்.

வங்கித் தேர்வு, டி.என்.பி.எஸ்.சி. பற்றி உங்கள் ஊர்ப் பயிற்சி மையமே சொல்லும். நான் அதில் நேரம் செலவிடவில்லை. எனக்குப் பட்டது வேறு. பேச்சுக்கு நடுவே பையன் என் அறையில் ஓடாமல் கிடந்த மேசை விசிறியைக் கையில் எடுத்து, மூடியைக் கழற்றி மோந்து பார்த்து, "காயில் கருகியிருக்கு சார்" என்றான். மூன்று வருடமாகத் தாய்மாமன் பட்டறையில் விடுமுறை நாளெல்லாம் மோட்டார் காயில், அதாவது உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், கட்டுகிறானாம். பழைய கம்பியை உருவும்போதே சுற்றுகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொள்வானாம். உட்கார்ந்து செய்யும் வேலை. காலை விடக் கைதான் முக்கியம். போர்வெல் மோட்டார் எரியாத கோடை உங்கள் பக்கத்தில் உண்டா?

அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்தில் (ஐ.டி.ஐ.) எலெக்ட்ரீஷியன் பிரிவு இரண்டு ஆண்டு. பயிற்சிக் கட்டணம் கிடையாது. காயில் கட்டுவதும் பாடத்திலேயே வருகிறது. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவன் என்பதால் தமிழக அரசின் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய்க்கும் உரியவன். அதன் பிறகு சொந்தப் பட்டறை வைக்க, பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தைப் பாருங்கள். 18 வயது ஆகியிருந்தால் போதும். குடும்ப வருமானத்துக்கு உச்சவரம்பு இல்லை. மாற்றுத்திறனாளி என்பதால் அவன் கையிலிருந்து போட வேண்டியது 5 விழுக்காடு. மானியம் கிராமப்புறத்தில் 35 விழுக்காடு, நகர்ப்புறத்தில் 25. கிராமத்தில் நான்கு லட்ச ரூபாய்ப் பட்டறை என்றால் உங்கள் பங்கு 20,000, மானியம் 1,40,000. பத்து லட்சம் வரை வங்கி சொத்துப் பிணை கேட்கக் கூடாது. மானியம் உடனே கைக்கு வராது, மூன்று ஆண்டு வங்கியில் நின்று, பட்டறை நடப்பதை நேரில் பார்த்த பிறகே கடனில் கழியும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கு இது கிடைக்காது. ஆகவே மாமன் பட்டறையைக் காட்டி விண்ணப்பிக்க முடியாது, அவன் பெயரில் புதிதாகத் தொடங்க வேண்டும். இரண்டு ஆண்டு கழித்து விண்ணப்பிக்கும்போது, மாவட்டத் தொழில் மையத்தில் அன்றைய விதியைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

அரசு வேலைக் கனவை விடச் சொல்லவில்லை. ஐ.டி.ஐ. சான்றிதழைக் கேட்கும் பணிகளுக்கு அவன் பின்னாலும் எழுதலாம். மத்திய அரசின் நேரடி நியமனங்களில் மாற்றுத்திறனாளிகளுக்குப் பொதுவாக 10 ஆண்டு வயதுத் தளர்வு உண்டு. அவசரம் அவனுக்கு இல்லை, உறவினர்களுக்குத்தான்.

கிளம்பும்போது தாய், "அண்ணன் பையன் இன்ஜினியர் ஆச்சே, நாளைக்கு விசேஷத்தில் என்ன சொல்றது?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக வீட்டை அடமானம் வைக்க நான் ஒப்பமாட்டேன் அம்மா. அடுத்த முறை வரும்போது அடையாள அட்டை, மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், அவன் சுற்றுகளை எழுதி வைத்திருக்கும் நோட்டு இவற்றை எடுத்து வாருங்கள். வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும்.