எஃப்டிஜி பெட் ஸ்கேனில் ஒன்றும் இல்லை, எம்ஆர்ஐயில் திட்டு: கட்டி திரும்பவில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ள முடியாது. கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுக்கட்டிக்குக் கதிர்வீச்சு எடுத்த உங்கள் அப்பாவுக்கு எம்ஆர்ஐயில் புதிதாக வெள்ளைத் திட்டு தெரிகிறது என்றால், எஃப்டிஜி பெட் ஒன்றை மட்டும் நம்பி அதை விட்டுவிடாதீர்கள்.

எஃப்டிஜி என்பது கதிரியக்கம் ஏற்றிய சர்க்கரை. அதை ஊசியில் செலுத்தி, எங்கே சேர்கிறது என்று படமெடுப்பதுதான் பெட் (PET) ஸ்கேன். ஆரோக்கியமான மூளையே, குறிப்பாக அதன் சாம்பல்நிறப் பகுதி, சர்க்கரையை அள்ளிக் குடிக்கும். சுற்றிலும் பளிச்சென்று இருக்கும்போது சிறிய கட்டி பகலில் எரியும் விளக்கு மாதிரி கண்ணில் படாமல் போகும். ஸ்கேன் அன்று ரத்தச் சர்க்கரை எவ்வளவு இருந்தது என்றும் அறிக்கையில் பாருங்கள். கூடுதலாக இருந்திருந்தால் படம் இன்னும் மங்கும்.

அப்புறம், சர்க்கரைக்குப் பதில் எஃப்இடி அல்லது மெத்தியோனின் என்ற கதிரியக்கம் ஏற்றிய அமினோ அமிலத்தை வைத்து பெட் எடுக்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இவற்றைச் சாதாரண மூளை குறைவாகவே எடுத்துக்கொள்ளும், அதனால் கட்டி தனித்துத் தெரியும். மெத்தியோனினில் உள்ள கார்பன்-11-இன் வீரியம் சுமார் 20 நிமிடத்தில் பாதியாகிவிடும், எனவே அதைத் தயாரிக்கும் சைக்ளோட்ரான் இயந்திரம் பக்கத்திலேயே உள்ள மையத்தில்தான் கிடைக்கும். எஃப்இடியில் உள்ள ஃபுளோரின்-18 பாதியாகச் சுமார் 110 நிமிடம் ஆகும், அதனால் அதை வெளியிலிருந்தும் வரவழைக்கலாம்.

கதிர்வீச்சு முடிந்து எத்தனை மாதம்? முதல் 3 மாதங்களில் சிகிச்சையின் விளைவே எம்ஆர்ஐயில் கட்டி வளர்ந்ததுபோல் காட்டலாம்.

அமினோ அமில பெட்டும் சில நேரம் ஏமாற்றும், அழற்சியும் லேசாக ஒளிரும். சந்தேகம் நீடித்தால் திசுப் பரிசோதனை பற்றிப் பேசுங்கள்.